கூடார வண்டிலும் கால்நடைப் பயணமும்



சிறுவர் இலக்கியம் என்றதும் நம்மவருக்கு நினைவுக்கு வருவது பெரும்பாலும் பாட்டுத்தான். நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரை நாம் அன்போடு ‘தங்கத் தாத்தா’ என்று அழைக்கின்றோம். ஆடிப்பிறப்பும் கத்தரித் தோட்டத்து வெருளியும் இன்றைக்கும் எங்கள் பிள்ளைகளின் நாவில் வாழ்கின்றன. அடுத்தபடியாகப் பஞ்சதந்திரக் கதைகளும் தெனாலிராமன் கதைகளும் வரும். ஆனால் ஒரு சமுதாயம் எங்கிருந்து புறப்பட்டது, எவ்வழியாக நடந்தது, எங்கே வந்து அடுப்பு மூட்டியது என்பதைப் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லும் வரலாற்றுப் புனைகதை நம்மிடம் செழித்து வளர்ந்ததா? இன்றைய உரையில் அதைப் பற்றியே சில கருத்துக்களை உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

இவ்வகை இலக்கியத்தைப் பெரிதாக வளர்த்தெடுத்த நாடுகளில் ஐக்கிய அமெரிக்காவும் ஒன்று. மேற்கு நோக்கிக் கூடார வண்டில்களில் சென்ற குடும்பங்களின் கதை அங்கே சிறுவர் இலக்கியத்தின் ஒரு தனிக்கிளையாகவே வளர்ந்துவிட்டது. அக்கிளையில் முதலில் நினைக்கப்படுபவர் லோரா இங்கல்ஸ் வைல்டர் என்னும் அம்மையார். அவர் 1867ஆம் ஆண்டு விஸ்கொன்சின் மாநிலத்தில் பிறந்தார். அதே 1867இலேதான் நமது மலைநாட்டில் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிடத் தொடங்கினார் என்பதை நேயர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். வைல்டர் அம்மையாரின் முதல் நூல் வெளிவந்தது 1932இல். அப்போது அவருக்கு வயது அறுபத்தைந்து. பெருங்காட்டில் ஒரு சிறு வீட்டைப் பற்றிய நூல் அது. பின்னர் 1935இல், கன்சாஸ் புல்வெளிக்குத் தம் பெற்றோர் வண்டில் கட்டிச் சென்ற கதையை எழுதினார். 1943 வரை அவ்வரிசையில் நூல்கள் தொடர்ந்து வந்தன.

அந்த வண்டில் எப்படிப்பட்டது என்று பார்ப்போம். மரப்பெட்டி போன்ற உடல். அகலம் நான்கடி, நீளம் ஏறத்தாழப் பத்தடி. மேலே வளைந்த மரச்சட்டங்கள்; அவற்றின் மீது எண்ணெய் பூசிய வெண்ணிறக் கன்வஸ் துணி. யாழ்ப்பாணத்தாரும் வன்னியாரும் கோயில் திருவிழாக்களுக்குச் சென்ற கூடார வண்டிலைக் கண்டவர்களுக்கு இதைக் கற்பனை செய்வது கடினமன்று. இழுத்தவை பெரும்பாலும் எருதுகளே. குதிரையை விட எருது மெதுவாக நடக்கும். ஆனால் வழியில் கிடைக்கும் புல்லைத் தின்று நெடுந்தூரம் தாங்கும். மிசூரியிலிருந்து ஒரிகன் வரையுள்ள பாதை ஏறத்தாழ 2000 மைல். அதைக் கடக்க நாலு தொடக்கம் ஆறு மாதங்கள் எடுத்தன. மலைகளில் பனி விழுமுன் போய்ச்சேர வேண்டும் என்பதால் இளவேனிலிலேயே புறப்பட்டாக வேண்டும். 1869இல் அமெரிக்காவின் கிழக்கையும் மேற்கையும் புகையிரதப் பாதை இணைத்தபின் இப்பயணங்கள் அருகின.

திரைப்படங்களைப் பார்த்த நமக்கு, இப்பயணிகள் எல்லோரும் அம்புபட்டே இறந்தார்கள் என்ற எண்ணம் உண்டாகும். உண்மை வேறு. அப்பாதையில் அதிகமானோரைக் கொன்றது வாந்திபேதி. அடுத்துச் சில்லில் அகப்பட்டும் ஆற்றில் மூழ்கியும் நேர்ந்த விபத்துகள். இன்னொரு செய்தியும் நம்மில் பலர் அறியாதது. அவ்வண்டில்களில் மனிதர் ஏறிச் சென்றது குறைவு. மா மூடையும் உழவுக் கருவியும் தட்டுமுட்டுச் சாமான்களும் வண்டிலை நிறைத்துவிடும். வில் இல்லாத வண்டில் ஆதலால் அதன் குலுக்கலும் தாங்கமுடியாதது. ஆகவே நோயாளியும் கைக்குழந்தையும் தவிர மற்றவர்கள் வண்டிலின் பக்கத்தே நடந்தே சென்றார்கள்.

இந்த வரலாற்றைப் பிள்ளைகள் விரும்பிப் படிக்கும் கதையாக மாற்றியது எது? வீரதீரச் செயல்களை விட, அன்றாட வேலைகளைப் பற்றிய நுட்பமான விவரிப்புத்தான் என்பது என் கருத்து. ஆணியில்லாமல் மரமுளையும் தோற்பட்டியும் கொண்டு தகப்பன் கதவு செய்கின்ற முறையை அவ்வம்மையார் படிப்படியாக விளக்குகின்றார். வண்டில் ஆற்றைக் கடக்கையில் வீட்டு நாய் வெள்ளத்தோடு போய்விட்டதே என்று பிள்ளை கலங்குகிறது. வீடு முழுவதும் குளிர்காய்ச்சலில் கிடக்கும்போது ஒரு கறுப்பின வைத்தியர் வந்து காப்பாற்றுகின்றார். தர்ப்பூசணி தின்றதால் வந்த காய்ச்சல் என்று சனங்கள் நம்பினார்கள். உண்மையில் அது நுளம்பு தந்த மலேரியா. வன்னியையும் தம்பலகாமத்தையும் கந்தளாயையும் அறிந்த நமக்கு அந்தக் காய்ச்சல் அந்நியமானதா? இரவிலே தகப்பன் வயலின் வாசிக்க, பிள்ளைகள் உறங்குகின்றார்கள். பெரியவர்களின் சரித்திரத்தைப் பிள்ளையின் உயரத்தில் நின்று பார்க்கும் பார்வை இது.

எனினும் இந்நூல்களின் மறுபக்கத்தையும் நாம் பார்க்கவேண்டும். இங்கல்ஸ் குடும்பம் 1869இல் சென்று வீடு கட்டிய நிலம் வெறும் நிலமன்று. அது ஓசேஜ் என்னும் ஆதிக்குடிகளுக்கு உரியது. 1935ஆம் ஆண்டுப் பதிப்பிலே, அந்நாட்டில் மனிதரே இல்லை, இந்தியர் மட்டுமே வாழ்ந்தனர் என்ற பொருள்பட ஒரு வாக்கியம் இருந்தது. ஆதிக்குடிகள் மனிதர் அல்லரா என்று 1952இல் ஒரு வாசகர் பதிப்பகத்துக்கு எழுதிக் கேட்டார். அதன்பின் 1953ஆம் ஆண்டுப் பதிப்பில், மனிதர் என்ற சொல்லை நீக்கிக் குடியேறியோர் என்ற சொல் வைக்கப்பட்டது. பதினேழு ஆண்டுகளுக்கு மேல் எத்தனையோ பிள்ளைகள் அவ்வாக்கியத்தைப் படித்து வளர்ந்திருப்பார்கள். 2018இல் அமெரிக்கச் சிறுவர் நூலகச் சேவைச் சங்கம் தான் வழங்கும் பரிசொன்றிலிருந்து வைல்டரின் பெயரை எடுத்துவிட்டது. நூல்கள் தடைசெய்யப்படவில்லை. இன்றும் அவை படிக்கப்படுகின்றன.

இதற்குச் சிறந்த விடையைச் சொன்னவர் இன்னொரு எழுத்தாளர். லூயிஸ் எர்ட்ரிச் என்னும் ஒஜிப்வே மரபில் வந்த அம்மையார் 1999இல் ஒரு சிறுவர் நாவலை வெளியிட்டார். 1847இல் சுப்பீரியர் ஏரித் தீவொன்றில் மரப்பட்டை வீட்டில் வாழும் ஒஜிப்வேச் சிறுமியின் கதை அது. அங்கும் வீட்டுவேலை உண்டு, பாட்டி உண்டு, குளிர்காலம் உண்டு, நோய் உண்டு. ஆனால் வண்டிலில் வருகின்றவர்களை வீட்டுக்குள்ளிருந்து பார்க்கின்ற கண் அது. இவ்விரு நூல்களையும் ஒருசேரப் படிக்கின்ற பிள்ளைக்கே முழு வரலாறு கிடைக்கும் எனலாம்.

இனி எங்கள் மண்ணுக்கு வருவோம். திருகோணமலைக்கும் குடிவந்தோர் கதை உண்டு. கவிராச வரோதயர் பாடிய கோணேசர் கல்வெட்டு, குளக்கோட்டு மன்னன் கோயிலுக்குப் பணிசெய்யக் குடிகளை வரவழைத்து இருத்திய செய்தியைக் கூறுகின்றது. தானத்தார், வரிப்பத்தார் என அவர்கள் வகுக்கப்பட்டனர். யாருக்கு எந்த ஊழியம், எந்த உரிமை என்று அந்நூல் விரிவாகச் சொல்லும். ஆனால் கடல் கடந்து வந்த குடும்பத்தில் ஒரு பிள்ளை என்ன நினைத்தது, தோணியில் எதைக் கண்டு பயந்தது என்பதை அது சொல்லாது. கல்வெட்டின் நோக்கம் அதுவன்று. அந்த இடைவெளியை நிரப்புவது புனைகதையின் வேலை.

எங்கள் துறைமுகத்தின் எதிர்க்கரையிலே உள்ள கொட்டியாரத்தில் தொடங்கிய இன்னொரு பயணமும் உலகப் பிரசித்தமானது. 1660இல் றொபேட் நொக்ஸ் என்னும் பத்தொன்பது வயது ஆங்கில இளைஞன் தன் தகப்பனோடு அங்கே கண்டி மன்னனின் ஆட்களால் பிடிக்கப்பட்டான். மூதூரிலே அதற்கு நினைவிடமும் உண்டு. அடுத்த ஆண்டே தகப்பன் காய்ச்சலால் இறந்தார். பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் மலைநாட்டில் சிறையிருந்த நொக்ஸ் 1679இல் தப்பி, அருவியாற்றைத் தொடர்ந்து காட்டுவழியே நடந்து, மன்னார்ப் பகுதியில் ஒல்லாந்தர் வசமிருந்த அரிப்புக் கோட்டையை அடைந்தான். 1681இல் வெளிவந்த அவனுடைய நூலை டானியல் டீபோ அறிந்திருந்தார். இன்று உலகச் சிறுவர் பலரும் படிக்கும் றொபின்சன் குரூசோ கதைக்குப் பின்னால் நொக்சின் அனுபவமும் உண்டென்று ஆய்வாளர் பலர் கருதுவர்.

நொக்ஸ் கால் ஓய்ந்து வெளியேறிய அந்த அரிப்புக் கரையிலேதான், ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளின் பின் வேறொரு கூட்டம் வந்து இறங்கியது. கோப்பித் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்த தமிழகத்து மக்கள் அவர்கள். 1820களில் கம்பளைக்கு அருகே ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் தொடங்கினார். தேசாதிபதி பார்ன்ஸ் ஊக்கமளித்தார். தமிழகக் கரையில் தோணி ஏறிய மக்கள் மன்னார்க் கரைகளில் இறங்கினார்கள். அங்கிருந்து காட்டுவழியே தம்புள்ளையூடாக மாத்தளை வரை நடந்தார்கள். ஏறத்தாழ நூற்றைம்பது மைல்! தண்ணீர் கிடையாத வரண்ட காடு. யானையும் கரடியும் திரியும் இடம். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் வழிநெடுக ஆட்களைக் கொன்றன. நோயில் விழுந்தவரை விட்டுவிட்டுக் கூட்டம் முன்னேறிய துயரச் சம்பவங்கள் பலவுண்டு. புதைத்த இடத்துக்கு அடையாளமில்லை.

தொடக்கத்தில் வந்தோர் பெரும்பாலும் ஆண்கள். பருவத்துக்கு வந்து பருவம் முடியத் திரும்பியோரே அதிகம். 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் குடும்பம் குடும்பமாக மக்களைப் பெயர்த்தது. அதையொட்டியே கோப்பி நோயால் அழிந்து தேயிலை பரவிற்று. ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்கப் பெண்களும் பிள்ளைகளும் வேண்டப்பட்டனர். ஆகவே இப்பாதையைப் பற்றிச் சிறுவர் நாவல் எழுதப் புகுவோர், அதை 1877ஆம் ஆண்டில் நிகழ்வதாக வைத்தால் வரலாற்றுக்குப் பொருந்தும். அவ்வேளை அமெரிக்காவில் வைல்டருக்கு வயது பத்து. கடலுக்கப்பால் ஒரு பத்து வயதுப் பிள்ளை வண்டிலோடு நடந்து வளர, இங்கே ஒரு பத்து வயதுப் பிள்ளை கங்காணிக்குப் பின்னால் நடந்தது.

இரண்டு பயணங்களிலும் நடை உண்டு, வாந்திபேதி உண்டு, வழியிற் புதைத்த உறவு உண்டு. வேறுபாடு எங்கே? இங்கும் வண்டில்கள் ஓடத்தான் செய்தன. 1867இல் கண்டிக்குப் புகையிரதம் வரும்வரை கோப்பியைக் கொழும்புக்குக் கொண்டு சென்றவை மாட்டு வண்டில்களே. கோப்பிக்கொட்டைக்கு வண்டில் இருந்தது. கோப்பிக் கன்றை நட்டவனுக்கு வண்டில் இல்லை. அமெரிக்கக் குடும்பம் தன் சொந்தச் சாமானை ஏற்றிக்கொண்டு நடந்தது. 1862ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அங்கே குடியேறியவன் ஐந்தாண்டு உழுது வாழ்ந்தால் 160 ஏக்கர் நிலம் அவனுக்குச் சொந்தமாகும். இங்கே நடந்து வந்தவனுக்குக் கிடைத்தது லயத்தில் ஒரு காம்பரா. அதோடு கங்காணியின் கணக்கில் வழிச்செலவுக் கடன்.

இன்னுமொரு ஒற்றுமையும் உண்டு. அதையும் மறைக்கலாகாது. தோட்டம் எழுந்த நிலமும் வெறும் நிலமன்று. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்டமுடியாத காட்டையும் சேனையையும் அரசுக்குரியதாக்கியது. அவை துரைமாருக்கு விற்கப்பட்டன. கண்டிக் கிராமத்துச் சிங்களக் குடியானவன் தன் சேனையை இழந்தான். நடந்து வந்த தமிழ்த் தொழிலாளி அதைப் பறித்தவனல்லன்; ஆனால் இழந்தவனின் கண்ணுக்குத் தெரிந்தவன் அவனே. நமது கதையிலும் ஒரு கண்டிக் கிராமத்துப் பிள்ளை இடம்பெறல் வேண்டும். அல்லாவிடில் அமெரிக்காவில் 1953 வரை அச்சிலிருந்த அந்த வாக்கியத்தை நாமும் வேறு சொற்களில் எழுதியவர்களாவோம்.

இது மலையகத்தின் கதைதானே, துறைமுகப் பட்டினத்தில் இருந்து இதை ஏன் பேசுகிறீர்கள் என்று சில நேயர்கள் கேட்கலாம். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் அம்மக்கள் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. 1970களின் உணவுத் தட்டுப்பாடும் 1977ஆம் ஆண்டுக் கலவரமும் பலரை மீண்டும் பெயர்த்தன. வவுனியாவுக்கும் எங்கள் திருகோணமலை மாவட்டத்துக்கும் அவர்கள் வந்து காடு வெட்டிக் குடியமர்ந்தார்கள். பின்னர் வந்த யுத்தத்தில் எங்களோடு சேர்ந்தே இடம்பெயர்ந்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று எங்கள் வகுப்பறைகளிலே இருக்கின்றனர்.

நான் தமிழ் படிப்பிக்கும் வகுப்பொன்றில், ‘எங்கள் குடும்பம் இவ்வூருக்கு வந்த வரலாறு’ என்று கட்டுரை எழுதச் சொன்னேன். ஒரு மாணவி மட்டும் ஒரு வரியோடு நிறுத்தியிருந்தாள். காரணம் கேட்டபோது குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “எங்கட அம்மம்மா தோட்டத்திலயிருந்து வந்தவ சேர். எழுதினா எல்லாரும் பகிடி பண்ணுவாங்க.” நேயர்களே, ‘தோட்டக்காட்டான்’ என்ற சொல்லைப் பிறர் யாரும் நமக்குத் தரவில்லை. தமிழராகிய நாமே தமிழரைப் பார்த்து வீசிய சொல் அது. அந்தப் பிள்ளைக்கு அதைக் கற்பித்தது எந்தப் பாடநூலும் அன்று, தெருவும் முற்றமும்.

அம்மம்மாவிடம் கேட்டு எழுதிக்கொண்டு வா, வாசிப்பதா வேண்டாமா என்பதைப் பிறகு நீயே தீர்மானி என்றேன். ஒரு கிழமையில் நாலு பக்கம் எழுதி வந்தாள். தானாகவே எழுந்து வாசித்தாள். 1977இல் இரவோடிரவாக லொறியில் ஏறியபோது அம்மம்மா அம்மியை விட்டுவிட்டுக் குழவியை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு வந்தாராம். அவருடைய பாட்டியின் பாட்டி மன்னார்ப் பாதையால் நடந்து வந்தவராம். வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. 2006இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பத்து மாணவன் ஒருவன் எழுந்து, “எங்கட அம்மாவும் தையல் மெசினைத் தூக்கிக்கொண்டு வந்தவவாம் சேர், ஆனா ஊசிப்பெட்டிய விட்டிட்டாவாம்” என்றான். அன்றைய பாடவேளை போதவில்லை.

புனைகதை நமக்கு இல்லாமலில்லை. புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ தேயிலைத் தோட்டத்தைப் பற்றியது. கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ 1964இல் வெளிவந்தது. மலையகத்தில் சி. வி. வேலுப்பிள்ளை தொடங்கி வைத்த மரபு நீண்டது. எங்கள் மாவட்டத்திலும், சொந்தத் தோணிக்காக ஏங்கும் ஓர் உள்ளத்தை ‘தோணி’ என்ற சிறுகதையில் காட்டியவர் மூதூர் வ. அ. இராசரத்தினம். ஆயினும் நான் குறிப்பிட்டவை வளர்ந்தோருக்காக எழுதப்பட்டவை. பத்து வயதுப் பிள்ளை தானே கையிலெடுத்துப் படிக்கும் நூல் வேறு. அதற்குத் துயரத்தை மறைக்கவும் வேண்டியதில்லை. துயரத்திலேயே பிள்ளையை அமிழ்த்தவும் வேண்டியதில்லை. பாதையில் எப்படிச் சோறு சமைத்தார்கள், எவ்வளவு தூரத்துக்கொரு கிணறு, தங்கையை யார் சுமந்தார்கள், இரவில் காட்டு விலங்குக்குப் பயந்து எப்படித் தீ வளர்த்தார்கள், எந்தத் தாலாட்டைப் பாடினார்கள் என்பன போன்ற செய்திகளே கதையைத் தாங்கும் தூண்கள்.

அவ்வாறான செய்திகளைத் தேடுவோருக்கு அண்மைக்கால நிகழ்வொன்று வழிகாட்டியாய் அமைந்தது. மலையகத் தமிழர் வந்து இருநூறு ஆண்டு நிறைவை ஒட்டி, 2023ஆம் ஆண்டு யூலை 28இல் தலைமன்னாரிலிருந்து ஒரு நடைபயணம் புறப்பட்டது. பதினாறு நாட்கள் நடந்து ஓகஸ்ட் 12இல் மாத்தளையை அடைந்தது. முன்னோர் நடந்த பாதையை நினைந்து ஏறத்தாழ 250 கிலோமீற்றர் தூரத்தை அவர்கள் கடந்தார்கள். இந்த முறை பயணத்துக்குப் பெயரிருந்தது, புகைப்படம் இருந்தது, நாட்குறிப்பு இருந்தது. முதன்முதல் நடந்தவர்களுக்கு இவை ஒன்றும் இருக்கவில்லை.

வைல்டர் அம்மையார் பேனாவை எடுத்தபோது அவர் நடந்த காலம் போய் அறுபது ஆண்டுகளுக்கு மேல். எனினும் நடந்தவரே எழுதினார். எமது பாதையில் நடந்தோர் இன்று ஒருவரும் இல்லை. அவர்கள் வாய்க் கேட்டவர்களும் குறைந்துகொண்டே வருகின்றனர். 1977இல் லொறியில் வந்தவர்களுக்கே இன்று எழுபதை அண்டிய வயது. ஆசிரியர்கள் ஒரு தவணையில் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்கலாம். பெற்றோர், பாட்டன் பாட்டிமார் பேசும்போது பிள்ளையைப் பக்கத்தில் இருத்தலாம். என்ன கொண்டு வந்தீர்கள், என்ன விட்டு வந்தீர்கள், அங்கே உங்களுக்கு முன் யார் இருந்தார்கள் என்ற மூன்று கேள்விகளைக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வைத்தாற் போதும். எழுதத் தெரிந்த ஒருவர் என்றோ அதை நாவலாக்குவார்.

அந்நாவல் வரும்வரை அந்தக் கொப்பிகளைப் பத்திரமாக வைத்திருப்போம்.